கோதுமை விளையாத பள்ளத்தாக்கில் ஒரு பந்தி

சனிக்கிழமை மாலை. மறுநாள் நற்கருணை ஆராதனை. கம்பம் பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு சிற்றூர் சி.எஸ்.ஐ. ஆலயத்தின் பக்க அறையில் எட்டிப் பாருங்கள். ஆலயப் பணியாளர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு மேசைமேல் வெள்ளைத் துணி விரிக்கிறார். பேக்கரியில் வாங்கிய ரொட்டியின் உறையைப் பிரித்து, நாலைந்து துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி, பழுப்பு ஓரத்தை நான்கு பக்கமும் கத்தியால் சீவி எடுக்கிறார். வெள்ளைப் பகுதியை நீளவாக்கில் நான்கு கீற்று, குறுக்கே நான்கு கீற்று. ஒரு துண்டு ரொட்டி பதினாறு சதுரமாகிறது. வாய்க்குள் எண்ணிக்கொண்டேதான் வெட்டுகிறார்: லீவுக்கு வந்திருக்கிற பிள்ளைகள், திருப்பூரிலிருந்து திரும்பிய குடும்பம், புதிதாகத் திடப்படுத்தல் பெற்ற ஐந்து பேர். கணக்கு முடிந்த பிறகும் ஏழெட்டுச் சதுரம் கூடுதலாக விழுகிறது. கேட்டால், “படுக்கையில கிடக்கிறவங்களுக்கு” என்கிறார். சீவிய ஓரங்கள் சன்னலில் காத்து நிற்கும் சிறுவர்களின் கைக்குப் போகின்றன.

இந்த ரொட்டிக்கு மாவான கோதுமை நம் மண்ணின் பயிர் இல்லை. இங்கே நெல் உண்டு, சோளம் உண்டு, கம்பும் கேழ்வரகும் உண்டு. பக்கத்திலிருக்கும் கிண்ணத்து ரசத்துக்கு வேண்டிய திராட்சையோ ஊரைத் தாண்டினால் பந்தலில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. திருமேசையின் இரண்டு பொருள்களில் ஒன்று விருந்தாளி, மற்றது வீட்டுப்பிள்ளை.

விழா மலர் என்றால் கட்டடத்தின் கதை எழுதுவது வழக்கம். அடிக்கல் எப்போது நாட்டினார்கள், கோபுரம் யார் உபயம், மணி எங்கிருந்து வந்தது, எந்தெந்த ஆயர்கள், பங்குத்தந்தைகள் பணியாற்றினார்கள் என்று பட்டியல் நீளும். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் சுவர் எழும்புவதற்கு முன்பே, புளிய மரத்தடியிலும் கூரைக் கொட்டகையிலும் இங்கே வந்து சேர்ந்த நிறுவனம் ஒன்று உண்டு. அது நற்கருணைப் பந்தி. தேனி வட்டாரத்துத் திருச்சபையின் வரலாற்றை அந்தப் பந்தியில் உட்கார்ந்து ஒருமுறை பார்ப்போம்.

எது அப்பம்?

தமிழருக்கு அப்பம் புதிய சொல் இல்லை. அப்பம் சுட்டு விற்ற கூவியரைச் சங்க நூல்கள் அறியும். கல்லணைக்குப் பக்கத்தில் கோவிலடியில் பெருமாளுக்கே அப்பக்குடத்தான் என்று பெயர். பிள்ளையார் சதுர்த்திக்கு அப்பம் இல்லாத வீடு குறைவு. அரிசி மாவும் வெல்லமும் சேர்ந்த, படையலுக்கு உரிய பண்டம் அது.

1715இல் தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. அதற்கு முன்னும் பின்னும் மறைநூலைத் தமிழாக்கியவர்கள் எல்லோருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. பாலஸ்தீனத்து ஏழையின் அன்றாடச் சாப்பாட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? ‘சோறு’ என்றால் பொருள் சரி, பிட்டுக் கொடுப்பது எப்படி? ‘ரொட்டி’ என்றால் வெள்ளைக்காரர் தீனி. ‘அப்பம்’ நிலைத்தது. அந்தத் தேர்வில் ஓர் ஆதாயமும் ஓர் இழப்பும் உண்டு. படையலின் வாசனை கொண்ட சொல் கிடைத்தது ஆதாயம். அன்றாடப் பசியின் சொல் கைநழுவியது இழப்பு. ஏனென்றால் நம் ஊரில் அப்பம் திருநாள் பண்டம், யாரும் தினம் சாப்பிடுவதில்லை.

அதனால்தானோ என்னவோ, இயேசு கற்றுக்கொடுத்த செபத்தில் மட்டும் தமிழ்ச் சபைகள் பல அப்பத்தை விட்டுவிட்டு, ‘ஆகாரம்’ என்றும் ‘உணவு’ என்றும் சொல்லிப் பழகின. அந்த விண்ணப்பத்தில் அப்பத்துக்கு அடைமொழியாக வரும் கிரேக்கச் சொல் ஒன்று பழங்கால அறிஞரையே திணறடித்தது. மக்கள் பேச்சில் அந்தச் சொல் வழங்கவில்லை என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் எழுதினார். எரோணிமுஸ் லத்தீனில் பெயர்த்தபோது லூக்காவில் ‘அன்றாட’ என்றும், மத்தேயுவில் ‘பொருளுக்கு அப்பாற்பட்ட’ என்னும்படியும் இரண்டு விதமாகப் போட்டார். வயிற்றுக்கான அப்பமா, ஆன்மாவுக்கான அப்பமா என்ற கேள்வி அந்த ஒரு சொல்லுக்குள் அன்றே இருந்தது. சாப்பாடு இல்லாத வீட்டில் நின்று செபித்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கிராமங்களில் ரொட்டி நோயாளியின் ஆகாரம். காய்ச்சல் வந்தால் பாலில் நனைத்த ரொட்டி. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு ரொட்டி, நாலு ஆரஞ்சு, ஒரு ஹார்லிக்ஸ் புட்டி. நலமாக இருப்பவர் ரொட்டி தின்றால், “ஏப்பா, உடம்புக்கு என்ன?” என்று கேட்பார்கள். மறைசாட்சியாக உயிர்விட்ட அந்தியோக்கிய ஆயர் இக்னாசியார் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நற்கருணையைச் சாகாமைக்கான மருந்து என்ற கருத்தில் எழுதினார். அந்தியோக்கியாவுக்கு வெகுதூரத்தில், வைகைக் கரையில், ரொட்டியை மருந்தாகவே பார்த்துப் பழகிய பாட்டிமாருக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையே இருந்திருக்காது.

இரண்டு வழியாக வந்த அப்பம்

முதல் வழி மதுரையிலிருந்து. 1606இல் இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, ஒரு வேளை மரக்கறி உணவோடு வாழ்ந்து, தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். மதுரை மிஷன் என்ற பெயர் அந்தக் காலத்தது. கோயில், பூசை என்று தமிழர் முன்பே வழங்கிய சொற்களைக் கத்தோலிக்கம் தன் சொற்களாக எடுத்துக்கொண்டது. நற்கருணை வாங்குவதை ‘நன்மை வாங்குவது’ என்றார்கள். முதல்முறை வாங்கும் பிள்ளைக்கு ‘புதுநன்மை’. வட்ட அப்பத்துக்குப் போர்த்துகீசியர் கொடுத்த ‘ஓஸ்தி’ என்ற சொல் அப்படியே தங்கிவிட்டது. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபோது தளர்ந்துபோன இந்த மிஷனுக்கு, 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையினர் வந்து மறுபடி உயிர் கொடுத்தார்கள். 1886இல் திருச்சி மறைமாவட்டம் அமைந்தது. 1938இல் அதிலிருந்து மதுரை தனி மறைமாவட்டமானது, 1953இல் உயர்மறைமாவட்டம். உத்தமபாளையத்தை அடுத்த இராயப்பன்பட்டியின் பனிமய மாதா ஆலயம் அதன் கீழ்தான் வருகிறது. இராயப்பர் என்பது பேதுருவுக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழ் சூட்டிய பெயர் என்பதால், அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே பலருக்குத் திருத்தூதர் நினைவு வரும்.

இரண்டாம் வழி யாழ்ப்பாணத்திலிருந்து. அங்கே பணியாற்றிக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் கடல் தாண்டி வந்து 1834இல் மதுரையில் அமெரிக்கன் மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். பெரியகுளம் அதன் நிலையங்களில் ஒன்றாயிற்று. சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் காலராவும் அவர்கள் குடும்பங்களைக் கொண்டுபோன காலம் அது. உயிர் பிழைக்க மலையைத் தேடினார்கள். பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து மலைமேல் ஏறும் பாதை வழியாகப் போய், 1845இல் கோடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்றைக்குச் சுற்றுலா ஊராகத் தெரியும் கோடைக்கானலின் முதல் வாசற்படி தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இந்த இரண்டு வழிக்காரர்களும் அப்பத்தைப் பற்றி ஒரே மாதிரி நினைக்கவில்லை. ஒரு தரப்புக்குப் புளிப்பில்லாத வட்ட ஓஸ்தி. அர்ப்பணித்த பின் அது கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்பது நம்பிக்கை. மீந்ததைப் பேழையில் வைத்து முன்னால் விளக்கேற்றி முழந்தாளிடுவார்கள். மறுதரப்புக்குச் சாதாரண ரொட்டி. அதை உண்ணுகையில் ஆண்டவரின் மரணத்தை நினைவுகூர்ந்து விசுவாசத்தால் அவரோடு உறவாடுகிறோம் என்பது போதனை. ஒருவர் ‘திருப்பலி’ என்றார், ஒருவர் ‘திருவிருந்து’ என்றார், பின்னால் வந்த பெந்தெகொஸ்தே சபையார் ‘அப்பம் பிட்குதல்’ என்றார்கள். ஒரே தெருவில் மூன்று பெயர். சண்டையும் நடந்தது. ஆனாலும் எந்த ஆலயத்திலும் பந்தி இல்லாமல் போகவில்லை.

பஞ்சமும் தண்ணீரும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மதுரைச் சீமைக்கும் அது பெரிய அடி. அந்தப் பஞ்சத்தில் சாப்பாடு என்றால் கஞ்சித்தொட்டியின் கஞ்சி. பசியும் விசுவாசமும் கலந்த அந்த நாட்களில் கூட்டம் கூட்டமாகச் சபையில் சேர்ந்தவர்களைக் ‘கஞ்சிக் கிறிஸ்தவர்’ என்று ஏளனம் செய்வது சுலபம். அப்பத்துக்காகத்தான் கூட்டம் தம்மைத் தேடுகிறது என்று இயேசுவே ஒருமுறை வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அப்படிச் சொன்னது அவர்களுக்குச் சாப்பாடு போட்ட பிறகு. முதலில் பந்தி, அப்புறம் போதனை.

அந்தப் பசிக்குப் பதில் மலைக்கு மேலேயிருந்து வந்தது. பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் திட்டம் பஞ்சத்துக்குப் பின் வேகம் பிடித்தது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 1887இல் வேலை தொடக்கம். பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் எழுந்த அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்த தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கை இருபோகப் பூமியாக்கியது. ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்தநாள். பாலார்பட்டியில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபமும் திறந்தாயிற்று. இந்து வீட்டுப் பூசையறையிலும் அந்த வெள்ளைக்காரரின் படம் இருப்பதைப் பார்க்கலாம்.

நெல்லுக்கு நீர் வந்த கதையை ஏன் நற்கருணைக் கட்டுரையில் எழுத வேண்டும்? வனாந்தரத்து மன்னாவைப் பற்றி யாத்திராகமம் சொல்வதை நினைத்துப் பாருங்கள். அன்றன்றைக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். மறுநாளைக்கென்று பதுக்கினால் புழு வைத்துவிடும். அதிகம் பொறுக்கியவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகப் பொறுக்கியவனுக்குக் குறையவில்லை. முறை வைத்துத் தண்ணீர் திறக்கும் வாய்க்கால் பாசனத்தில் பிழைக்கிற ஊருக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும். மடையை ஒருவன் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் கடைமடைக்காரன் வயல் காயும். அன்றாட ஆகாரத்துக்கான செபம் ‘எனக்கு’ என்று கேட்கச் சொல்லவில்லை. ‘எங்களுக்கு’ என்றுதான் கேட்கச் சொல்கிறது.

பந்திக்கு முந்துகிறவர்கள்

பந்திக்கு முந்து என்பது நம் பழமொழி. கொரிந்து பட்டணத்துச் சபையில் அதுதான் நடந்தது. வசதியுள்ளவர்கள் முதலில் வந்து தின்று குடித்து முடித்தார்கள். வேலை முடிந்து தாமதமாக வந்த ஏழைகள் பட்டினியாக நின்றார்கள். பவுல் கொதித்துப்போய் எழுதினார். நற்கருணை ஏற்படுத்தப்பட்ட விதத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்து அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. அது இறையியல் வகுப்புக்காக எழுதப்படவில்லை, பந்தித் தகராறைத் தீர்க்க எழுதப்பட்டது.

தமிழ்நாட்டில் அந்தத் தகராறுக்குப் பெயர் சாதி. இதை மூடி மறைத்து விழா மலர் எழுதுவதில் அர்த்தமில்லை. ஒரே ஆலயத்தில் தனித்தனி இருக்கைகள் இருந்தன. கிண்ணத்தில் முதலில் வாய் வைப்பது யார் என்று வழக்குகள் எழுந்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையில் அறவே விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சையிலும் திருச்சியிலும் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. கத்தோலிக்கத் தரப்பும் விதிவிலக்கில்லை. வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது.

நம் வட்டாரத்தைத் தன் எல்லைக்குள் கொண்டிருந்த அமெரிக்கன் மதுரை மிஷன் 1847இல் ஒரு முடிவெடுத்தது. சாதியை விடாதவர் உண்மையான விசுவாசி என்று கொள்ளப்படமாட்டார். சாதியை விட்டதற்கு அடையாளம், எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஆயத்தமாக இருப்பது. உபதேசிமாருக்கும் சபையாருக்கும் இதற்கென்றே அன்பின் விருந்து வைத்துப் பார்த்தார்கள். மறுத்தவர்கள் சபை உறவிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். நற்கருணை அப்பத்தைச் சேர்ந்து வாங்கியவர்களே சோற்றுப் பந்தியில் சேர்ந்து உட்காரத் தயங்கினார்கள் என்பது வெட்கக்கேடு. அதைவிடப் பெரியது வேறொன்று: மேசையில் பிட்ட அப்பம் உண்மையானதா என்பதைச் சோற்றிலையில்தான் சோதிக்க முடியும் என்று ஒரு சபை கண்டுகொண்டது. வெளிநாட்டார் நம் பழக்கவழக்கத்தில் தலையிட்டார்கள் என்று அன்று பலர் முணுமுணுத்தார்கள். இலையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த முணுமுணுப்பு நியாயமாகப் படவில்லை.

தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த தென் மாவட்டங்களில், ஒரே கிண்ணத்தில் எல்லோரும் வாய் வைப்பது என்பது சடங்கு மட்டுமில்லை. சொல்லப்போனால் அந்த ஒரு கிண்ணத்துக்காகவே சபைக்கு வந்தவர்கள் உண்டு. சேர்ந்து உண்ணும் நம் அசனப் பந்திகளிலும் அதே கேள்விதான். இலை போட்டதும் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? பரிமாறுகிறவர் யார்? சமைத்தவர் யார்? இன்றைக்கும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை.

மேசை திரும்பியது

1947 செப்டம்பர் 27. சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் ஆளுகை உள்ள சபையும் இல்லாத சபைகளும் ஒன்றாக இணைந்தது உலகத் திருச்சபை வரலாற்றில் புதுமை. அமெரிக்க மிஷன் வழிவந்த நம் பகுதிச் சபைகளுக்கு அதுவரை பேராயரே கிடையாது. முதல் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகின் அப்போது முப்பத்தேழு வயதுக்காரர். 1959 வரை மதுரை–இராமநாதபுரம் பேராயத்தை நடத்தினார். பின்னால் உலகமெங்கும் படிக்கப்பட்ட இறையியலாளர் ஆனார்.

1950இல் வெளிவந்த தென்னிந்தியத் திருச்சபையின் நற்கருணை முறைமை உலகச் சபைகள் பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. சபையாரே அப்பத்தையும் ரசத்தையும் ஏந்திப் பவனியாக மேசைக்குக் கொண்டுவருவார்கள். குருவானவர் மேசைக்குப் பின்னால் மக்களைப் பார்த்து நிற்பார். சிரியன் மரபிலிருந்து எடுத்த சமாதான வாழ்த்து, கைக்குக் கை மாறி எல்லோரையும் சென்றடையும். பக்கத்தில் நிற்பவரின் கையைத் தொடாமல் அப்பம் வாங்க முடியாது. 1847இன் தீர்மானம் நூறு ஆண்டு கழித்து வழிபாட்டு ஒழுங்காகவே மாறியது என்று சொல்லலாம்.

கத்தோலிக்கத் தரப்பிலும் கதவு திறந்தது. அதுவரை நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால்தான் காலையில் நன்மை வாங்கலாம். 1953இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீர் குடித்தால் உபவாசம் முறியாது என்று தளர்த்தினார். மாலைப் பூசைக்கும் வழிவிட்டார். 1957இல் மூன்று மணி நேர உபவாசம் போதுமென்றும் 1964இல் ஒரு மணி நேரம் போதுமென்றும் ஆயிற்று. பகலெல்லாம் வேலை செய்கிறவனும் பந்திக்கு வர முடிந்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஆவணத்துக்குப் பின், லத்தீனில் முணுமுணுத்த பூசை தமிழில் ஒலித்தது, பீடம் மக்களை நோக்கித் திரும்பியது. மறு ஆண்டு பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு ஆறாம் சின்னப்பர் வந்தார். இந்திய மண்ணை மிதித்த முதல் திருத்தந்தை அவர். ஓர் அப்பத்தை முன்னிட்டுத்தான் அவரும் வந்தார்.

ஓஸ்தி அச்சும் பன்னீர்த் திராட்சையும்

கன்னியர் மடத்தில் ஓஸ்தி சுடும் அறையைப் பார்த்தவர்களுக்கு அந்த மணம் மறக்காது. கோதுமை மாவும் தண்ணீரும் தவிர வேறெதுவும் கிடையாது. உப்பில்லை, சர்க்கரை இல்லை, புளிக்க வைப்பதில்லை. தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து, சூடேறிய இரும்பு அச்சுத் தட்டில் ஊற்றி மூடுவார்கள். ‘சுஸ்’ என்று ஆவி பறக்கும். திறந்தால் சிலுவைக் குறி பதிந்த, காகிதம் போன்ற தகடு. உடனே வெட்டினால் நொறுங்கிப்போகும். ஈரப் பதத்தில் சற்று வைத்து, அது மெத்தென்று ஆன பிறகுதான் வட்ட வட்டமாக வெட்ட வேண்டும். குருவுக்குப் பெரியது, மக்களுக்குச் சின்னது. வட்டங்கள் போக மிஞ்சும் ஓட்டைத் தகட்டுக்கு விடுதிப் பிள்ளைகளிடம் அடிதடி. அங்கேயும் ஓரத்துண்டு பிள்ளைகளுக்குத்தான்.

1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 924ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: அப்பம் கோதுமையால் மட்டும் ஆனதாக, கெடாததாக இருக்க வேண்டும், ரசம் திராட்சைக் கனியின் இயற்கையான, கெடாத ரசமாக இருக்க வேண்டும். பசைப்புரதம் முற்றிலும் நீக்கிய அப்பம் செல்லாது என்று 2017இல் வத்திக்கான் மறுபடி நினைவூட்டியது. அரிசி உண்ணும் நாட்டில் அரிசியிலேயே அப்பம் செய்தால் என்ன என்று இந்திய இறையியலாளர்கள் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது: நம் வயலில் விளையாத ஒன்றைக் கைநீட்டி வாங்கும்போது, இது நான் உழைத்துச் சம்பாதித்தது என்ற எண்ணத்துக்கு இடமில்லாமல் போகிறது.

ரசத்தின் கதை வேறு. பன்னீர்த் திராட்சை என்று நாம் அழைக்கும் மஸ்கட் ஹாம்பர்க் வகையை 1832இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று பதிவாகியிருக்கிறது. இன்று சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி உள்ளிட்ட பத்துக் கிராமங்களில் ஏறக்குறைய 2,000 ஏக்கரில் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். தமிழகத்துத் திராட்சைப் பரப்பில் 85 விழுக்காடு இந்த வகைதான். கவாத்து வெட்டும் காலம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுவதால் ஆண்டு முழுவதும் எங்கேயாவது பழம் பறிக்கிறார்கள். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நம் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் பீங்கான் ஜாடியில் ஒயின் போடுகிறவர்கள் பழத்தோடு சர்க்கரை, பட்டை, கிராம்பு, ஒரு கைப்பிடி கோதுமை சேர்ப்பார்கள். பூசை ரசத்தில் அந்த வாசனைச் சாமான் எதுவும் கூடாது. மதுவை விலக்கிய அமெரிக்கச் சபைகளின் வழிவந்தவர்களோ புளிக்காத ரசத்தை விரும்பினார்கள். 1869இல் நியூ ஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் வழி கண்டது திருவிருந்துக்காகத்தான். இன்றைக்கு உலகச் சந்தையில் விற்கும் புட்டித் திராட்சைச் சாறு திருவிருந்து மேசைக்காகப் பிறந்த பண்டம். பன்னீர்த் திராட்சையைக் கொதிக்க வைத்து வடிகட்டி ரசம் எடுக்கும் நம் சபைப் பெண்கள் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஞாயிறு காலையில் அவர்கள் விரல் நுனியில் ஊதாக் கறை இருக்கும்.

மலைக்கு மேலே ஒரு பெரிய வியாழன்

கம்பம்மெட்டு ஏறினால் கேரளம். அங்கே இடுக்கி மலையில் வாழும் தோமா கிறிஸ்தவர் வீடுகளில் பெரிய வியாழன் இரவு அரிசி மாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்க வைக்காமல், பெசகா அப்பம் அவிப்பார்கள். குருத்தோலை ஞாயிறன்று கிடைத்த ஓலையில் சிலுவை செய்து அதன்மேல் வைப்பார்கள். குடும்பத் தலைவர் செபித்து, பிட்டு, தேங்காய்ப்பாலில் வெல்லம் காய்ச்சிய பெசகா பாலில் தோய்த்து மூத்தவரிலிருந்து வரிசையாகக் கொடுப்பார். அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் அப்பம் அவிப்பதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆலயத்தில் கோதுமை, வீட்டில் அரிசி. துக்க வீட்டுக்கும் பந்தி உண்டு என்ற அந்த வழக்கத்தை மலைக்குக் கீழே இருக்கும் நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் அதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று பிடியரிசி: உலை வைக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொடுப்பது. இன்னொன்று அறுப்பின் பண்டிகை: முதல் விளைச்சலாகப் பூசணிக்காய், வாழைத்தார், தேங்காய், திராட்சைக் கூடை என்று பீடத்தின் முன்னால் குவியும். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும் பூசணிக்காய்க்கு இரண்டு மச்சான்மார் போட்டி போட்டு ஆயிரக்கணக்கில் கேட்பதைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்? கோதுமை விளையாத மண் தன் அப்பத்தைத் தனக்குத் தெரிந்த வழியில் மேசைக்குக் கொண்டுவருகிறது.

ஓரத்துண்டுகள்

ஐயாயிரம் பேருக்கு இயேசு உணவளித்த நாளில் ஒரு சிறுவன் கொடுத்தது வாற்கோதுமை அப்பம். கோதுமை வாங்க வழியில்லாதவர் தின்ற தானியம் அது. நம் கணக்கில் சோளக்கூழும் கம்பங்கஞ்சியும் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, ஒன்றும் வீணாகாதபடி துணுக்குகளைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. யாருக்காக அந்தப் பன்னிரண்டு கூடை? வராதவர்களுக்காகத்தான் என்று எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புகள் நிற்கின்றன. தூக்குச்சட்டியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறி, ஏலத்தோட்டக் கூலிக்கு மலை ஏறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தால் ஞாயிறும் போகிறார்கள். திராட்சைப் பந்தலின் கீழ் நாளெல்லாம் அண்ணாந்து நின்று கழுத்து வலிக்கப் பழம் பறிக்கிறவர்களும் நம் சபையார்தான். மேசையில் இருக்கும் ரசம் அவர்கள் கை பட்டது. ஒன்பது மணி ஆராதனைக்கு அவர்களால் வர முடியாமல் போகிறது. உழைக்கிறவனுக்காக 1953இல் உரோமாபுரியே நேரத்தை மாற்றிக்கொண்டது. சேர்ந்து சாப்பிடுவதற்காக 1847இல் ஒரு மிஷன் தன் சொந்த ஊழியரையே பகைத்துக்கொண்டது. மாலையில் ஓர் ஆராதனை வைப்பதும், ஆயரும் பங்குத்தந்தையும் அப்பத்தோடு வீடு தேடிப் போவதும் நமக்கு முடியாத காரியமா?

விழா முடிந்து பந்தல் பிரிக்கப்படும். இந்த மலர் அலமாரிக்குப் போகும். அடுத்த நற்கருணைக்கு முந்தைய சனிக்கிழமை, பக்க அறையில் ரொட்டி வெட்டும்போது கூடப் போய் நில்லுங்கள். வருகிறவர்களோடு வராதவர்களையும் பெயர் சொல்லி எண்ணி வெட்டச் சொல்லுங்கள். ஆராதனை முடிந்ததும் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருங்கள்.